புல் வெட்டிய கூலி

கணக்குப் புத்தகத்தில்
துணைப் பயிற்சியாளர் என்றொரு தலைப்பு இல்லை.
சுண்ணாம்புத்தூள் உண்டு, தண்ணீர்த்தொட்டி கழுவ உண்டு,
சுதந்திர தின மிட்டாய் உண்டு.
ஜூன் மாதக் கூட்டத்தில்
பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்,
அரிசி ஆலை நஜ்முதீன், தாடியைத் தடவிச் சொன்னார்:
"புல் வெட்டிய கூலின்னு எழுதிக்குங்க டீச்சர்,
யாரும் கேக்க மாட்டாங்க."

இரண்டு பேருக்குச் சேர்த்து மாதம் ஆறாயிரம்.
வந்தவர்கள் மூவர்.
திருவாரூர்க்காரர்
சான்றிதழை உறையிலிருந்து எடுக்காமலே
பெட்ரோலுக்குத் தனியாவா என்றார்.
மிச்சம் இருவர்.

குருசேவ், அறுவடை எந்திரம் ஓட்டுகிறவன்.
அப்பா கட்சியில் இருந்தபோது வைத்த பெயர்.
மாவட்ட அணிக்குக் கோல் காத்த பத்து விரல்களில்
ஒன்று இப்போது மடங்காது.
"குறுவை அறுப்புக்கு இருபது நாள் வரமாட்டேன்,
சம்பாவுக்கு ஒரு மாசம்.
அந்த நாளுக்குச் சம்பளம் பிடிச்சுக்குங்க" என்றான்.
இத்தனை நேர்மையாக
யாரும் என்னிடம் விடுப்புக் கேட்டதில்லை.

அமலோற்பவம், கொரடாச்சேரிக் கடைத்தெருவில்
மருந்துக்கடை வேலை.
தடுப்பாட்டம் சொல்லித்தர வந்தாள்.
நான் கேட்டது ஒன்றே:
பையன்கள் உன் பேச்சைக் கேட்பார்களா?
துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு
பந்தைக் காலடியில் நிறுத்தி
"எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.
பதினோராம் வகுப்பே முயன்று பார்த்தது.
மணி அடித்துவிட்டது.

ஆளுக்கு மூவாயிரம் என்றுதான் எழுதினேன்.
தலைமையாசிரியர் பிரகதீஸ்வரன்
அவள் பெயருக்கு எதிரே அடித்து
இரண்டாயிரத்து ஐந்நூறு ஆக்கினார்.
"அவனுக்குக் குடும்பம் இருக்கு."
இவளுக்கு மட்டும் என்ன என்று
அன்று நான் கேட்கவில்லை.
வீட்டுக்குப் போகும் பேருந்தில் கேட்டேன்,
ஜன்னல் கம்பியிடம்.

முதல் மாத உறையில்
என் பணம் ஐந்நூறைச் சேர்த்து வைத்தேன்.
மருந்துக்கடைக் கை, ஒருமுறைதான் எண்ணியது.
ஐந்நூறைப் பிரித்து மேசையில் வைத்து
"ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குத்தானே டீச்சர்
கையெழுத்து வாங்குறீங்க?"

நவம்பரில் வெட்டாறு பெருகி
மைதானத்தில் பதினோரு நாள் தண்ணீர் நின்றது.
பயிற்சி நடந்தது, சைக்கிள் கொட்டகையில்.
வட்டார அரையிறுதியில் தோற்றோம்.
ஆனால் ஒரே ஒரு கோல்தான் வாங்கினோம்.
போன வருடம் ஏழு.

பிப்ரவரியில் தணிக்கைக்கு வந்தவர்
கோப்பை மூடிவிட்டு மைதானத்துக்கு நடந்தார்.
வண்டல் காய்ந்து பாளம் பாளமாய் வெடித்த தரை.
ஒரு அறுகு இல்லை.
"புல் எங்கேம்மா?"
தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.
நஜ்முதீன் திருவாரூர் ரயிலைப் பார்த்தார்.
"எட்டு மாசமா வெட்டுறோம் சார்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கோல் கம்பத்தருகே விசில் ஊதி
யாரையோ திட்டிக்கொண்டிருந்தவளைக் காட்டி
"அவங்க யாரு?"

சொல்லியிருக்கலாம், புல் வெட்டுகிறவர் என்று.
வவுச்சர்களில் அப்படித்தான் இருக்கிறது.

தணிக்கைத் தடைக்கு ஏழு நாளில் பதில் எழுத வேண்டும்.
எழுதினேன்.
குருசேவ், கோல்காப்பு.
அமலோற்பவம், தடுப்பாட்டம்.
இருவருக்கும் கூலி ஒன்று, மூவாயிரம்.
அமலோற்பவத்துக்குக் கழகம் தர வேண்டிய நிலுவை
மாதம் ஐந்நூறு வீதம் நாலாயிரம்.
தலைமையாசிரியர் படித்துவிட்டுப்
பேனாவைத் திறந்தார், மூடினார்.
இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம்
சம்பா முடிந்து குருசேவ் நேரே மைதானத்துக்கு வந்தான்.
தலையில், காலரில், புருவத்தில் வைக்கோல் தூசி.
பந்துக்குப் பாய்ந்து விழுந்து எழுந்தபோது
சட்டையிலிருந்து உதிர்ந்தது,
இந்த மைதானத்தில் நான் கண்ட
முதல் வெட்டிய புல்.

"இந்த மாசம் எனக்கு எட்டு நாள்தான் டீச்சர்."
எட்டு நாள். எண்ணூறு ரூபாய்.
எந்தத் தலைப்பில் என்று எழுதாமல்
தொகையை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.